நெல்லிப்பாறை வேலைநிறுத்தம்

கல்வராயன் மலைமேல் இருக்கும் நெல்லிப்பாறைப் பிள்ளைகள், ஆங்கிலம் என்பது ரகசியம் பேசுவதற்கென்றே உண்டான மொழி என்று ஒரு வருஷம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தார்கள். காரணம் ஷைனியின் வீட்டுக்காரன்.

ஷைனி இருந்தது நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். கணவன் ஜோஸ்வாவுக்கு அனல்மின் நிலையத்தில் வேலை. நைட் ஷிப்ட் முடித்துவிட்டுக் காலையில் வந்து படுப்பான். அவனுக்கு ஷிப்ட் மாறிய வாரம் மாடி வீட்டுக்காரருக்கு நைட் வரும். அவருக்கு மாறினால் பக்கத்து வீட்டுக்காரருக்கு. எந்த நேரத்தில் பார்த்தாலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கிற ஊர் அது. ஆகவே ஷைனி, ஹாலில் டிவியை மறைத்து ஒரு போர்வையைக் கட்டி, அதற்கு முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, "குட் மார்னிங் சில்ட்ரன்" என்பதைக் குசுகுசுவென்றுதான் சொல்லுவாள். மலைமேல் பதினான்கு பிள்ளைகளும் ஸ்கிரீனுக்குக் கிட்டே வந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அதே குசுகுசுப்பில் திருப்பிச் சொல்லுவார்கள். கணக்கும் தமிழும் அவர்கள் கத்தித்தான் படித்தார்கள். ஆங்கிலத்துக்கு மட்டும் அந்த மரியாதை.

பிள்ளைகள் மலையாளிப் பழங்குடி. மலையாளி என்றால் கேரளம் இல்லை. மலையை ஆண்ட குடி என்று அவர்களே சொல்லிக்கொள்வது. இப்போது ஆள்வதற்கு அங்கே கொஞ்சம் சாமைக்கொல்லையும் ஒற்றை அறைப் பள்ளிக்கூடமும்தான் மிச்சம். அந்த அறைக்குள் ஐந்து வகுப்பு. ஐந்து வகுப்புக்கும் ஒரே டீச்சர், தமயந்தி. மலையடிவாரத்திலிருந்து பஸ் ஏறி, இறங்கி, பாதி மலையை நடந்தே வந்து சேருகிறவர்.

இந்த ஆங்கில வகுப்பை ஏற்பாடு செய்தவர் லூர்துசாமி. சுரங்கத்தில் கன்வேயர் பகுதி ஃபோர்மேன். தொழிற்சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஒரு தேவாலய விழாவில் தமயந்தி டீச்சரைச் சந்தித்து, "எங்க டவுன்ஷிப்ல படிச்ச பொம்பளைங்க வூட்டுக்கு வூடு சும்மா இருக்காங்க டீச்சர், நீங்க கம்ப்யூட்டர மட்டும் தொறந்து வையுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கம்ப்யூட்டர் யார் கொடுப்பது என்ற கேள்விக்குத் தனகோட்டி அகப்பட்டான். பஜாரில் செல்போன் கடை வைத்திருந்தவன். பண்ருட்டியில் மூன்று தலைமுறையாகப் பலாவும் முந்திரியும் கைமாற்றிவிட்ட வீட்டுப் பிள்ளை. விற்காத லேப்டாப் ஒன்றை அவனிடமிருந்து தானமாக வாங்கினார் லூர்துசாமி. பண்ருட்டிக்காரனிடம் ஒருவர் தானம் வாங்கினார் என்பதே தனிக் கதை, அது கிடக்கட்டும்.

இன்டர்நெட் டாங்கிளை ஒரு மூங்கில் நுனியில் கட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் மலைமேல் சிக்னல் வந்தது. வகுப்பு நடந்தது. நன்றாகவே நடந்தது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கல்வி அதிகாரி வைத்திலிங்கம் ஒரு நாள் மலையேறி வந்தார். அன்றைக்கு ஷைனி வீட்டு ஹாலில் லூர்துசாமி புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தனகோட்டி. பதினான்கு பிள்ளைகளும் எழுந்து நின்று அதிகாரியிடம் குசுகுசுவென்று குட் மார்னிங் சொன்னதில் அவர் ஆடிப்போய்விட்டார். தன் அதிகாரத்துக்குட்பட்ட பள்ளிகளில் இப்படி ஓர் ஒழுக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. ஐந்தாவது படிக்கும் அலமேலு முன்னால் வந்து, தன் பெயர், தங்கை பொன்னியின் பெயர், வீட்டு ஆடுகளின் பெயர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அதே ரகசியக் குரலில் சொன்னாள்.

"பிரமாதங்க! இது எப்படி முடிஞ்சிது?" என்றார் வைத்திலிங்கம் ஸ்கிரீனைப் பார்த்து.

லூர்துசாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எங்க சிஸ்டம் அப்படி சார். மைன்ஸ்ல அடுத்த ஷிப்ட்டு ரிலீவர் வராம எவனும் எடத்த வுட்டு நகர மாட்டான். அதே முறைதான் இங்கயும். இவங்களுக்கு முடியலன்னா இன்னொரு அம்மா. அவங்களுக்கும் முடியலன்னா நான். இங்கிலீஷ் மட்டும் இல்ல சார், கணக்கும் ஆரம்பிச்சிட்டோம். ஒரு நாள் நின்னதில்ல."

தனகோட்டி மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தான். பலாமண்டியில் வளர்ந்தவனுக்குத் தெரியும்: பழத்தை ஓர் அளவுக்குமேல் புகழக்கூடாது, புகழ்ந்தால் வாங்க வந்தவன் வேறு கணக்குப் போட ஆரம்பிப்பான். லூர்துசாமி காலை நகர்த்திக்கொண்டார்.

"அப்ப டீச்சர் இல்லாட்டியும் ஸ்கூல் ஓடிடும்னு சொல்லுங்க" என்று சிரித்தார் வைத்திலிங்கம்.

"தாராளமா ஓடும் சார்!"

அதிகாரிக்குப் பின்னால் நின்றிருந்த தமயந்தி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் டீச்சரை மலையடிவாரத்துக் கொழுஞ்சிப்பட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே நாற்பது பிள்ளைகள், ஆசிரியரே இல்லை. வாரத்தில் ஐந்து நாள் அங்கே. சனிக்கிழமை மட்டும் நெல்லிப்பாறை. மலைமேல்தான் வகுப்பு டீச்சர் இல்லாமலேயே நடக்கிறதே.

பள்ளிச் சாவி அலமேலுவிடம் வந்து சேர்ந்தது. அவள் கதவைத் திறப்பாள், லேப்டாப்பைத் திறப்பாள், மூங்கிலை நீட்டுவாள். சத்துணவு சமைக்கிற அமிர்தம் மத்தியானம்தான் வருவாள். அதுவரை அறைக்குள் பெரியவர் என்று யாரும் இல்லை. ஸ்கிரீனுக்குள்தான் ஒருத்தி இருந்தாள், நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

"அங்கிள், இது எனக்குச் சரியாப் படல" என்றாள் ஷைனி. "பிள்ளைங்க அடிச்சிக்கிட்டா வெலக்கி விடக்கூட முடியல. சொல்லச் சொல்ல ஒருத்தன் ஜன்னல்ல ஏறிட்டான். நான் இங்கேர்ந்து 'கெட் டவுன்'னு குசுகுசுக்கறேன். எவன் எறங்குவான்?"

"பேசறேம்மா, பேசி டீச்சர வாங்கிடலாம்" என்றார் லூர்துசாமி. ஆனால் பேசப் போகவில்லை. தான் சொன்ன வார்த்தையைத் தானே போய்த் திரும்ப எடுப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

யோசனைக்குள் தேள் வந்து புகுந்தது.

ஷைனி அன்றைக்குப் பழங்களின் பெயர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றாவது படிக்கும் பொன்னி மூலையில் அடுக்கியிருந்த சிலேட்டுகளை எடுக்கப் போனாள். ஸ்கிரீனில் அவள் பாதிதான் தெரிந்தாள். கையை உதறினாள். பிறகு ஒரு சத்தம்.

"கருந்தேளு மிஸ்! கருந்தேளு!" என்று பிள்ளைகள் சிதறினார்கள்.

ஷைனி முதல் தடவையாக அந்த வகுப்பில் கத்தினாள். ஜோஸ்வா கைலியைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து ஓடி வந்தான். அதற்குள் அலமேலு தங்கையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்கிரீனுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"மிஸ், இன்னா பண்றது மிஸ்? சொல்லுங்க மிஸ்!"

ஷைனி இரண்டு கையையும் ஸ்கிரீனில் வைத்தாள். வைத்து என்ன செய்ய? "கைய அசைக்காத... பெரியவங்களக் கூப்புடு... யாராவது இருக்காங்களா பாரு" என்றாள். எல்லோரும் சாமைக்கொல்லைக்கு வேலைக்குப் போய்விட்டார்கள் என்றாள் அலமேலு. ஜோஸ்வா ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். ரோடு இருக்கிறவரைக்கும்தான் வண்டி வரும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள் என்றார்கள். அவன் அதை ஸ்கிரீனைப் பார்த்துக் கத்திச் சொன்னான். அலமேலு தங்கையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஸ்கிரீனின் ஓரம் வரைக்கும் தெரிந்தாள். அப்புறம் தெரியவில்லை.

காலியான அறை. கரும்பலகையில் தமயந்தி டீச்சர் எழுதிவிட்டுப் போன வாய்ப்பாடு. ஒரு கோழி உள்ளே வந்து, சிந்திக் கிடந்த எதையோ கொத்திவிட்டு, நிதானமாக வெளியே போயிற்று. கணவனும் மனைவியும் அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சார்ஜ் தீர்ந்து அந்தப் பக்கம் அணைகிறவரைக்கும்.

சாயங்காலம் அமிர்தம் பாறைமேல் ஏறி நின்று போன் செய்தாள். "உசுரு இருக்குதும்மா. வாயில நொர தள்ளிப்போச்சி. கீழ கொண்டுகினு போயி ஊசி போட்டிருக்குது. பெரியவதான் அவ்ளோ தூரமும் தூக்கிகினு எறங்கியிருக்கா."

மறுநாளே லூர்துசாமி லீவு போட்டார். தனகோட்டியைக் கூட்டிக்கொண்டு வைத்திலிங்கத்தின் அலுவலகத்துக்குப் போனார். இந்தத் தடவை புதுச்சட்டை இல்லை.

"டீச்சர் நெல்லிப்பாறைக்குத் திரும்பணும் சார். அது ஒண்ணுதான் கேக்கறோம். ரூமுக்குள்ள ஒரு பெரிய மனுஷர் இருக்கணும்."

வைத்திலிங்கம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரை மடக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கலாம். டீ வரவழைத்துக் கொடுத்தார். "எனக்கு மட்டும் ஆசையாங்க? கொழுஞ்சிப்பட்டுல நாப்பது புள்ளைங்க கோயில் மரத்தடியில விளையாடிக்கினு கெடந்துச்சிங்க. உங்க புள்ளைங்களுக்காவது உங்க கிளாஸ் இருக்குது. அதுங்களுக்கு இன்னா இருந்துச்சி?"

தனகோட்டி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "சரிங்க சார். அஞ்சு நாளும் வேணாம். மூணு நாள் மலையில, மூணு நாள் கீழ."

"முடியாதுங்க."

"ரெண்டு நாள்?"

"பலாப்பழமாங்க, அறுத்துச் சொளையாக் குடுக்க? சனிக்கிழமை குடுத்திருக்கேன்."

"சனிக்கிழமை ஸ்கூலே லீவு சார்!"

"அதனாலதான் குடுக்க முடிஞ்சிது" என்றார் வைத்திலிங்கம். கிண்டலாகச் சொல்லவில்லை. பிறகு லூர்துசாமியைப் பார்த்து, "நீங்கதானேங்க சொன்னீங்க, தாராளமா ஓடும்னு? ஓடலன்னு ஆனா நானும் மேல சொல்லிக் கேட்டுப் பாக்கலாம். ஓடிக்கினு இருக்கற எடத்துக்கு எப்படிங்க ஆள் கேக்கறது?"

திரும்பும் வழியில், பாதியில் இறங்கி வேறு பஸ் ஏறும்போதுதான் லூர்துசாமி வாயைத் திறந்தார். "ஓடலன்னு ஆனா கேப்பாராம். அப்ப நிறுத்திட வேண்டியதுதான்."

"எத?"

"கிளாஸ. ஸ்ட்ரைக்."

தனகோட்டி நின்றுவிட்டான். "அண்ணே, வெய்யில்ல அலைஞ்சதுல உங்களுக்கு இன்னாமோ ஆயிடிச்சி."

"ஏன்டா? நாங்க எத்தினி பார்த்திருக்கோம்? பேசினா நகராதவன்லாம் வேலய நிறுத்தினா மறுநாள் கார் அனுப்புவான்."

"அண்ணே, நீங்க நிறுத்தினா கரி நிக்கும். கரி நின்னா கரண்ட்டு நிக்கும். ஊருக்கெல்லாம் ஃபேன் நின்னாத்தான் பெரிய மனுஷனுக்கு வேர்க்கும். நம்ம ஏ ஃபார் ஆப்பிள் நின்னா எவனுக்கு வேர்க்கும்? சரக்கு வேணும்ங்கறவன்கிட்டதான் கடைய சாத்திக் காட்டலாம். அவரு என்னிக்கிண்ணே நம்மகிட்ட சரக்கு கேட்டாரு?"

"உனக்கு யாவாரம் தெரியும். போராட்டம் தெரியாது."

அது உண்மைதான். வியாபாரி வீட்டில் பிறந்தவனுக்குக் கடையைச் சாத்துவது என்றால் சாவு வீடு அல்லது சரக்கு இல்லை. மூன்றாவது காரணம் கிடையாது. ஆனால் நெய்வேலியில் பிறந்து வளர்ந்த நியாயம் வேறு. அங்கே எந்தக் கதவும் வேலைநிறுத்தத்தால்தான் திறந்திருக்கிறது. பெர்மனென்ட், குவார்ட்டர்ஸ், கேன்டீன், எல்லாமே. ஷைனியும் லூர்துசாமி பக்கம் சாய்ந்தாள். தேள் நாளுக்குப் பிறகு அவள் ஸ்கிரீனைத் திறந்ததும் பாடத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்தாள். லூர்துசாமி முறைப்படி வைத்திலிங்கத்துக்கு நோட்டீஸ்கூட அனுப்பினார். தகவலுக்கு நன்றி என்று அங்கிருந்து போனில் சொன்னார்கள்.

அலமேலுவிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் லூர்துசாமியே ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தார். "கொஞ்ச நாளைக்கு கிளாஸ் கெடையாது பாப்பா. உங்க டீச்சரு திரும்பி வர்றதுக்காகத்தான்."

"சரிங்க சார்" என்றாள் அலமேலு. "வேற டைமுக்கு மாத்திப்புட்டீங்களா சார்?"

"இல்லம்மா. கெடையாது."

"சரிங்க சார். அப்ப எத்தினி மணிக்கு தொறக்கட்டும்?"

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு ஷைனியின் லேப்டாப் மணியடித்தது. போர்வைக்கு முன்னால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. லூர்துசாமி டூட்டிக்குப் போகிற வழியில் வந்து நின்றிருந்தார்.

"எடுக்காதம்மா. முதல் நாளே எடுத்தா ஸ்ட்ரைக்கு ஒடஞ்சிடும்."

"பிள்ளைங்க அங்கிள்."

"பிள்ளைங்களுக்காகத்தாம்மா."

மணி நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தது. அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும். ஷைனி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள், சத்தம் கேட்காமல் இருக்க. ஒரு நாள் ஜோஸ்வா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கத்தினான்.

"எடுத்துத் தொலையேன்! இல்ல அத அணைச்சாவது வை."

"அணைச்சிட்டா அவ கூப்புடறது தெரியாதே" என்றாள் ஷைனி.

ஜோஸ்வா அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மணி ஓயும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வைத்திலிங்கத்திடமிருந்து கார் வரவில்லை. போன் வரவில்லை. லூர்துசாமி இரண்டு முறை அழைத்தார்; மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். "பயப்படறான்" என்றார் லூர்துசாமி. தனகோட்டி ஒரு செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு காலையில் மணி அடிக்கவில்லை.

லூர்துசாமி நேராகத் தனகோட்டி கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தியா? டீச்சர் வந்துட்டாங்க போலருக்கு. இல்லன்னா அந்தப் பொண்ணு கூப்புடாம இருக்குமா?"

"இருக்கலாம்ண்ணே" என்றான் தனகோட்டி. சில சமயம் பொய் சொல்லி நஷ்டத்தைத் தள்ளிப்போடுவதும் வியாபாரம்தான்.

மத்தியானமே வைத்திலிங்கம் போனில் பேசினார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "உங்களுக்கு ஒரு நல்ல சேதிங்க. எங்க ஆள் மலைக்குப் போனப்ப உங்க லேப்டாப் சும்மாவே கெடந்துச்சாம். யாரும் கிளாஸ் எடுக்கலன்னு நீங்களே நோட்டீஸ் குடுத்திருக்கீங்க. நல்ல பொருள் வீணாப் போகக்கூடாதுன்னு கொழுஞ்சிப்பட்டுக்கு எறக்கிட்டேன். இங்க சிக்னல் நல்லாருக்கு. நாப்பது புள்ளைங்களுக்கு உதவும். திங்கக்கெழமையே ஆரம்பிச்சிடுங்க."

"சார், நெல்லிப்பாறை?"

"சனிக்கெழமை டீச்சர் போறாங்களே?"

"மத்த நாளு?"

வைத்திலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கேட்டிருக்கேங்க. ஆள் இருந்தாக் குடுக்க மாட்டாங்களா? புள்ளைங்க வர்ற எண்ணிக்கை வேற கொறையுதாம். அது ரொம்பக் கொறஞ்சா, அப்பறம் ஸ்கூலையே வச்சிக்கலாமான்னு கேப்பாங்க. நான் சொல்ல மாட்டேங்க. கேப்பாங்க."

லூர்துசாமி போனை மேஜைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. தனகோட்டி ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டான்.

திங்கட்கிழமை மூன்று பேரும் ஷைனி வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நடத்துவதா வேண்டாமா என்று முடிவு பண்ணியிருக்கவில்லை. மணி அடித்தது. ஷைனி யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டாள்.

சுண்ணாம்பு அடித்த பெரிய அறை. நாற்பது தலை. பக்கத்தில் தமயந்தி டீச்சர், கையில் சாக்பீஸோடு. இளைத்திருந்தார்.

"டீச்சர், நெல்லிப்பாறைக்குப் போனீங்களா? அலமேலு எப்படி இருக்கா?" என்றாள் ஷைனி முதல் பேச்சாக.

"சனிக்கிழமை போனேங்க. அஞ்சு பேருதான் இருந்தாங்க. பொன்னி தேறிட்டா." டீச்சர் சாக்பீஸைக் கை மாற்றிக்கொண்டார். "தேள் கடிச்சதிலேர்ந்து பிள்ளைங்கள ஸ்கூல்ல வுட்டுட்டுப் போக அவங்கம்மாவுக்குப் பயம். கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போறாங்கல்ல, ரெண்டையும் கூடவே கூட்டிக்கினு எறங்கிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். சாவிய அலமேலு எங்கிட்ட குடுத்தா."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னாங்க சொல்றது? இரு, நான் வர்றேன்னு சொல்லலாம். எந்த நாளுன்னு கேட்டா?"

அந்தப் பக்கம் நாற்பது பிள்ளைகள் ஸ்கிரீனில் தெரிகிற மூன்று பெரியவர்களை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்று, யாரும் சொல்லாமலே, கணீரென்று "குட் மார்னிங் மிஸ்" என்றாள். பின்னாலேயே நாற்பது குரல்.

"நல்ல புள்ளைங்க" என்றார் தமயந்தி டீச்சர். "பசியா இருக்குதுங்க, படிக்கறதுக்கு. ஆரம்பிங்க மிஸ். நான் கூடவே இருக்கேன்."

ஷைனி புத்தகத்தைத் திறந்தாள். லூர்துசாமி அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து, டீச்சருக்குக் கேட்காதபடி சொன்னார்.

"கொஞ்சம் சுமாரா நடத்தும்மா."

"என்ன அங்கிள்?"

"ரொம்ப நல்லா நடத்தாத. புள்ளைங்க தேறிட்டதா தெரிஞ்சா, இந்த டீச்சரையும் இங்கேர்ந்து தூக்கி வேற எடத்துக்குப் போட்டுடுவாங்க."

ஷைனி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை. கண் கலங்கியிருந்தது. தனகோட்டியைப் பார்த்தாள். எதற்கும் ஒரு விலை சொல்லுகிறவன், போர்வையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் ஸ்கிரீன் பக்கம் திரும்பி, ஒரே ஒரு வாக்கியத்தை, வேண்டுமென்றே சுரத்தில்லாமல், வேகமாக, பாதி விழுங்கிச் சொன்னாள். யாருக்கும் புரிந்திருக்க வாய்ப்பில்லை.

நாற்பது பிள்ளைகளும் அதை ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார்கள்.

"பரவாயில்லையே, சட்டுனு புடிச்சிக்கிறாங்க" என்றார் தமயந்தி டீச்சர் பெருமையாக.

"ஆமா டீச்சர்" என்றார் லூர்துசாமி. வெளியே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சுகிற குரல்.